நைட் ஷிப்டும் நாமும்



டிப்ளமா முடித்து அப்ரண்டிஸாக உள்ளே போகும் நமக்கு முதல் அதிர்ச்சி வேலை அல்ல, தூக்கம். காலை ஆறரை மணிக்குக் காத்திவாக்கம் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். நைட் முடித்து வரும் அண்ணன்மார்களிடம் "டூட்டி எப்படிண்ணே?" என்று கேட்டால், "ஓடுதுப்பா" என்பார்கள். அந்த "ஓடுது" எப்படி ஓடுகிறது என்பதைத்தான் எழுத வந்தேன்.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. சூரிய வெளிச்சம்தான் அதற்குச் சாவி. விடியற்காலை மூன்று முதல் ஐந்து மணி வரை உடம்புச் சூடு இறங்கிவிடும், கவனமும் கூடவே இறங்கும். அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து 1979 மார்ச் 28, விடியற்காலை 4 மணி. செர்னோபில் 1986 ஏப்ரல் 26, இரவு 1.23. போபால் 1984 டிசம்பர் 2 நள்ளிரவு. எல்லாவற்றுக்கும் தூக்கம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. டிசைன், பராமரிப்பு என்று பல கோளாறுகள் சேர்ந்தன. ஆனால் அலாரம் அடித்தால் பேனலைப் படிக்க வேண்டியவன் மனிதன்தானே? 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, மூச்சு முட்டி வீட்டை விட்டு ஓடியவர்கள் நம்ம ஜனங்கள்.

என்ன செய்யலாம்? ஷிப்ட் மாறும்போது ஏ, பி, சி என்று முன்னோக்கிப் போவது உடம்புக்குச் சுலபம். சி-யிலிருந்து பி-க்குத் திரும்புவது கஷ்டம். டீயை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்துங்கள். அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். நாலு மணிக்குக் குடித்த டீ, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூங்க விடாது. இடைவேளையில் இருபது நிமிடம் கண் அயர்ந்தால் போதும். வீட்டில் ஜன்னலுக்கு அம்மாவின் பழைய புடவை ஒன்று. (பகலில் தூங்குபவனைச் சோம்பேறி என்னும் பக்கத்து வீட்டுக்காரருக்கு மருந்து என்னிடம் இல்லை!)

ஓய்வு கேட்பது சோம்பல் அல்ல. பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது, 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது இருந்த முக்கியமான குறைகளில் ஒன்று. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பவே, மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது.

தூக்கம் சரியானாலும் இன்னொன்று பாக்கி இருக்கிறது: சலிப்பு. டிரெயினிங்கில் மூன்று வாரம் எனக்கு ஒரே வேலை, புஷ்ஷில் பிசிறு எடுப்பது. ஒருநாளைக்கு எத்தனை என்று எண்ணுவதைக்கூட விட்டுவிட்டேன். அளவு தப்பிய நாலைந்து பீஸ் என் கையைத் தாண்டிப் போயின. சீனியர் ஃபிட்டர் ஒருவர் திட்டவில்லை. "வாடா தம்பி" என்று அசெம்ப்ளிக்குக் கூட்டிப் போனார். லாரியின் பிரேக் ஷாஃப்ட் அந்தப் புஷ்ஷுக்குள்தான் சுழல்கிறது. "இது இறுகிக்கிச்சுன்னா என்ன ஆகும், சொல்லு?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. திரும்பி வந்து, அன்றைய டிரேயில் இருந்ததை முழுக்க மறுபடியும் வெர்னியர் வைத்து அளந்தேன்.