மாமா வேனும் எரிந்த ஒயரும்



எங்க மாமா வேன் ஓட்டுகிறார். நம்ம சிறுசேரி சிப்காட்டில் வேலை செய்யும் அக்கா, அண்ணன்களை ஏற்றி இறக்குவார். பாட்டுச் சத்தம் போதவில்லை என்று போன தீபாவளிக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி அவரே மாட்டினார். புது ஒயர் இழுக்காமல், செட்டுக்குப் போகும் மெல்லிய ஒயரிலேயே சேர்த்து முறுக்கிவிட்டார். சத்தமாக வைத்தாலே பியூஸ் போனது. "இதே தொல்லையா போச்சு" என்று பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டார். மூன்றாம் நாள் நாவலூர் பக்கத்தில் டேஷ்போர்டிலிருந்து புகை! வண்டியில் ஒன்பது பேர். மாமா ஓடிப்போய் பேட்டரி ஒயரைப் பிடுங்கியதால் தப்பித்தார்கள்.

ஏன் எரிந்தது?

பேட்டரி 12 வோல்ட். ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்கொள்வது 240 வாட்.
மின்னோட்டம் = திறன் ÷ மின்னழுத்தம்
240 ÷ 12 = 20 ஆம்பியர்.
ஆனால் அந்த ஒயருக்கு இருந்த பியூஸ் 10 ஆம்பியர்தான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் வெப்பம் நான்கு மடங்காகும். இது ஜூல் விதி. பியூஸ் போனது கோளாறு இல்லை, எச்சரிக்கை! அதை மாமா வாயடைத்துவிட்டார்.

சரியான முறை

கேளம்பாக்கத்து எலக்ட்ரீசியன் அண்ணன் திரும்ப மாட்டும்போது நான் டார்ச் பிடித்தேன். பார்த்து எழுதியவை:

1. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும்.
2. பாசிட்டிவிலிருந்து தடித்த சிவப்பு ஒயர் தனியாக வர வேண்டும். தடித்த ஒயருக்கு மின்தடை குறைவு.
3. பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் பியூஸ். தூரத்தில் வைத்தால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்றாது.
4. எர்த் ஒயர் குட்டையாக இருக்கணும். பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்கணும்.
5. செட்டிலிருந்து மெல்லிய ரிமோட் ஒயர். செட்டை நிறுத்தினால் ஆம்ப்ளிஃபயரும் நிற்கும். இல்லாவிட்டால் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும்.
6. பாட்டு வரும் ஒயர் ஒரு பக்கம், பவர் ஒயர் மறுபக்கம். சேர்த்துக் கட்டினால் இன்ஜின் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும்.

இன்னொன்று. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். மாமா இப்போது நம்ம பள்ளி பக்கம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.

தோழர்களே, தோழிகளே! இன்று வீட்டுக்குப் போனதும் பியூஸ் கட்டையில் தடித்த கம்பி சுற்றியிருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் தொடாதீர்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி