நித்யகல்யாணிக் கஷாயம் குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் வாசலில் நித்யகல்யாணி மண்டிக் கிடக்கிறது. அதிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்களாமே! நாட்டு வைத்தியத்தில் இருந்ததைத்தானே விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டார்கள்? அப்படியானால் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தாலே போதாதா?
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: நல்ல கேள்வி அம்மா. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நாட்டு வைத்தியம் கைகாட்டியது வேறு நோயை. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். 1952-இல் அங்கிருந்து ஒரு மருத்துவர் அனுப்பிய இலைகள், கனடாவில் ராபர்ட் நோபல் என்ற ஆய்வாளரிடம் வந்து சேர்ந்தன. சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றினார்கள்; சில நாளிலேயே கிருமி தொற்றி எலிகள் செத்தன.

தோல்வி என்று அத்தோடு விட்டிருக்கலாம். ஏன் செத்தன என்று பார்த்தார்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ரத்தத்தில் அடியோடு குறைந்திருந்தன. வெள்ளணு பெருகவிடாத பொருள், அது கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோயையும் அடக்குமல்லவா? இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சார்ல்ஸ் பீர் என்ற வேதியியலாளர் 1958-இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். வின்பிளாஸ்டின் என்று பெயர். அது ஓர் ஆல்கலாய்டு, அதாவது செடிக்குள் உண்டாகும் நைட்ரஜன் கலந்த வேதிப்பொருள். செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழல்கள் என்னும் மெல்லிய இழைகள் திரள வேண்டும். அவற்றை இது திரளவிடாது. அதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து.

இனி கஷாயத்துக்கு வருவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். உங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் இதை மூட்டை மூட்டையாகக் காயவைத்து ஏற்றுவது அதனால்தான். ஒரு பிடி இலையில் என்ன தேறும்? அதோடு செடியில் உள்ள 100-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகளும் அளவில்லாமல் உள்ளே போகும். ஆடு மாடுகூட இதில் வாய் வைப்பதில்லை. மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்குப் பார்த்து ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். எலிகளுக்கு நேர்ந்தது நோயாளிக்கும் நேராதிருக்க, வெள்ளணுக்களை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்தக் கஷாயம் குடித்துவந்தால், நிறுத்தச் சொல்லுங்கள். குடித்ததைத் தங்கள் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.