இசைநூற் பட்டியும் பண்ணடைவும்

யாழ் நூலை நூனிலையப் பட்டியில் எத்தலைப்பிற் பதிவது? காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் அந்நூல் 1947 இல் வெளிவந்தது. அதனை இலக்கியமென்று மாத்திரம் பதிந்தால், இசை தேடிவரும் கல்முனை மாணாக்கன் வெறுங்கையோடு மீள்வான். இசைத்தலைப்பிலும் ஒரு சீட்டு வேண்டும்.

தேவாரம், மூவர் தேவாரம், அடங்கன்முறை எனப் பல பெயர் பெற்ற நூலுக்கு ஒன்றை நிலைப்பெயராக நிறுத்தி, ஏனையவற்றினின்று அதற்கு வழிகாட்டுக.

பொருட்டலைப்பு நமக்குப் புதிதன்று. சம்பந்தர் பதிகங்கள் பண்முறையில் நட்டபாடை முதலாகவும், தலமுறையில் ஊர்தோறும் அடைவுபெற்றன. அப்பர் பதிகங்களிலோ பண்ணோடு குறுந்தொகை, தாண்டகம் என்னும் யாப்புப் பெயர்களுங் கலந்தன. இக்கலப்பு நூலகர்க்கு இன்றும் இடர்தருவதே. நூல் ஓரிடத்தில் மாத்திரமே நிற்கும்; சீட்டோ பண், தலம், யாப்பு என்னும் மூன்றிடத்தும் நிற்கவல்லது.

அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவிகளுக்குத் தலைப்பில்லை. அவற்றை எழுதிவைக்கும் ஆசிரியர் முதலடியையே பெயராகக் கொள்க. பாடினாரது ஊரையும் உடன் குறிக்க.