தலையீடு, குறுக்கீடு, இடையூறு

'இன்டர்ஃபியரன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒற்றைச் சொல்லால் பொருள் கூறிவிட முடியாது. சட்டத்துறையினரும் செய்தித்தாள்களும் அதனைத் 'தலையீடு' என்பர். இயற்பியல் நூல்கள் 'குறுக்கீடு' என்னும். அல்லற்பட்டவரைக் கேட்டால் 'இடையூறு' என்பார். மூன்றும் ஒன்றல்ல. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை உணர்ந்துகொள்வது, பிறருக்கு நன்மை செய்யப் புறப்படும் எவருக்கும் இன்றியமையாதது.

அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பே சுவையானது. 'ஒன்றையொன்று அடித்துக்கொள்ளுதல்' என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது. தொடக்கத்தில் குதிரைகளைப் பற்றியே அதிகம் வழங்கியது. ஓடும்போது ஒரு காலின் குளம்பு மற்றொரு காலில் இடித்துக் காயப்படுத்தும் குறைபாட்டுக்கு அதுவே பெயர். இடிக்கும் காலும் இடிபடும் காலும் ஒரே குதிரையினுடையவை என்பதைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்வோம்.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். 'பாதையில் ஓர் ஆறு குறுக்கிட்டது' என்கிறோம். 'ஆறு தலையிட்டது' என்று எவரும் சொல்வதில்லை. குறுக்கிடுவதற்கு எண்ணம் தேவையில்லை. மரம் விழுந்தும் குறுக்கிடலாம், மழை பெய்தும் குறுக்கிடலாம். தலையிடுவதற்கோ ஒரு தலை வேண்டும். அதாவது, கருதிச் செய்யும் ஒருவர் வேண்டும். அக்கருத்து நல்லதாகவும் இருக்கலாம். 'ஊர்ப் பெரியவர் தலையிட்டுச் சமாதானம் செய்து வைத்தார்' என்பது பாராட்டு. 'என் வீட்டு விஷயத்தில் தலையிடாதே' என்பது கண்டனம். சொல் ஒன்றே, அழைப்பு இருந்ததா இல்லையா என்பதே பொருளை மாற்றுகிறது. இடையூறு என்பதோ செய்தவரின் பக்கத்திலிருந்து எழும் சொல் அன்று. பட்டவரின் பக்கத்திலிருந்து எழுவது. ஆகவே, ஒரே செயல் செய்பவருக்குத் தலையீடாகவும், ஏற்பவருக்கு இடையூறாகவும் இருப்பது முற்றிலும் இயல்பு. செய்தவர், 'நான் நல்லெண்ணத்துடன்தானே செய்தேன்?' என்று மனம் நொந்து கேட்பார். அவர் கூற்று மெய்யாகவே இருக்கலாம். ஆனால் எண்ணம் அவருடையது, விளைவு மற்றவருடையது.

அறிவியலில் இச்சொல்லுக்கு நன்மை தீமை என்ற நிறம் இல்லை. இரண்டு ஒளியலைகள் கூடும்போது சில இடங்களில் ஒளி மிகுவதையும், சில இடங்களில் ஒளியும் ஒளியும் சேர்ந்தே இருள் உண்டாவதையும் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் யங் 1801-ஆம் ஆண்டில் விளக்கினார். மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வானவில் நிறங்கள் தோன்றுவதும் இதனால்தான். இதில் வியப்பு என்னவெனில், ஒன்றையொன்று கடந்து சென்ற பின் அலைகள் இரண்டும் யாதொரு மாற்றமுமின்றித் தத்தம் வழியே செல்கின்றன. மனிதர்கள் அலைகள் அல்லர்.

மொழியியலாரும் இச்சொல்லை ஆள்வர். ஒருவர் பேசும் இரண்டாம் மொழியில் முதல் மொழியின் ஒலியும் அமைப்பும் புகுவது 'தாய்மொழிக் குறுக்கீடு'. இதற்கு அந்தமானைவிடச் சிறந்த இடம் இல்லை. போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் அறிந்திருந்த நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது. அதனை ஒட்டிய புரோத்ராபூர் போன்ற பகுதிகளில் வீட்டில் தமிழும், வங்காளியும், தெலுங்கும் பேசுவோர் தெருவில் இறங்கியதும் இந்தி பேசுகின்றனர். அவ்விந்தியில் எல்லா மொழிகளின் சாயலும் உண்டு. 'புரோத்ராபூர்' என்ற பெயரே ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரோடு நம் நாட்டு 'பூர்' ஒட்டிக்கொண்டு உருவானதுதான்! மொழிகளின் குறுக்கீட்டால் எவருக்கும் தீங்கு இல்லை.

ஆனால் அதே தீவுகளில்தான் தலையீடு என்ற சொல்லின் முழுக் கனமும் விளங்குகிறது. புரோத்ராபூரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் உச்சிவேளைக்கு முன்பே ஜாரவா மக்களின் காப்புக்காட்டு எல்லையை அடைந்துவிடலாம். இவ்வளவு அருகில் இருக்கும் தொல்குடியினரிடம் நாகரிக உலகம் நடந்துகொண்ட விதத்தைச் சற்று விரிவாகவே காண வேண்டும்.

1858-இல் ஆங்கிலேயர் அங்கே கைதிகளின் குடியேற்றத்தை நிறுவியபோது, பெரிய அந்தமானியர் என்னும் மக்கள் சில ஆயிரம் பேர் இருந்தனர். முதலில் போர் மூண்டது. பின்னர், 1863 முதல், 'அந்தமான் இல்லம்' என்ற அமைப்பின் வழியாக உணவும் உடையும் தந்து அவர்களைப் பழக்க முற்பட்டனர். அதனை நடத்தியவர்கள் கொடியவர்கள் அல்லர். பலர் உண்மையாகவே இரக்கமுடையவர்கள். எனினும் அம்மக்களின் உடல் அறியாத நோய்கள் உடன் வந்தன. 1877-இல் பரவிய தட்டம்மை பெரும் அழிவை விளைத்தது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தோர் 625 பேர்; 1961-இல் 19 பேர். பகைமையைவிட இரக்கமே அதிகம் கொன்றது என்று சொன்னால் மிகையாகாது.

1880-இல் மாரிஸ் விடல் போர்ட்மன் என்ற அதிகாரி வடக்கு சென்டினல் தீவில் இறங்கி, ஒரு முதிய ஆணையும் பெண்ணையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். அன்பாக நடத்திப் பரிசுகளுடன் திருப்பி அனுப்பினால் நட்பு மலரும் என்பது அவர் கணக்கு. சில நாட்களில் அனைவரும் நோயுற்றனர். முதியவர் இருவரும் மாண்டனர். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு கரையில் விட்டுத் திரும்பினார்கள். அக்குழந்தைகள் தம் மக்களிடம் எதை எடுத்துச் சென்றனரோ, யார் அறிவார்?

சுதந்திர இந்தியா 1956-இல் தொல்குடியினரைக் காக்கும் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. ஆயினும் தேங்காயும் பரிசும் ஏந்திய படகுகள் சென்றுகொண்டுதான் இருந்தன. 1991-இல் சென்டினல் மக்கள் முதன்முறையாகக் கையிலிருந்து தேங்காய் வாங்கினர். அது வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. சில ஆண்டுகளில் அரசு தானாகவே அப்பயணங்களை நிறுத்திற்று. கிடைத்த வெற்றியைக் கைவிடுவதற்கு மிகுந்த விவேகம் வேண்டும். அதற்காக அந்த அதிகாரிகளை நாம் போற்றியாக வேண்டும்.

அப்படியானால் ஒருபோதும் தலையிடலாகாதா? இங்கேதான் பாடம் கடினமாகிறது. 1996-இல் கால் முறிந்து கிடந்த ஜாரவா இளைஞன் ஒருவனை மருத்துவமனையில் சேர்த்துப் பல மாதம் சிகிச்சை அளித்து, குணமானதும் காட்டுக்கு அனுப்பினர். இதனைத் தவறென்று எந்த நெஞ்சம் சொல்லும்? மறு ஆண்டிலிருந்து ஜாரவாக்கள் அச்சம் நீங்கி வெளியே வரலாயினர். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. அப்போதும் மருத்துவரே செல்ல வேண்டியதாயிற்று. நாம் கொண்டுசென்ற நோயை நாமே தீர்ப்பது கடமை, அதைத் தலையீடு என்று ஒதுக்க இயலாது. அவர்களை ஓரிடத்தில் குடியமர்த்தி 'முன்னேற்ற' வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை சென்றது. வல்லுநர்கள் ஆராய்ந்தனர். 2004-இல் வகுக்கப்பட்ட கொள்கையோ, அவர்கள் வாழ்வில் தலையீட்டை இயன்றவரை குறைக்க வேண்டும் என்றே கூறிற்று. 2001-இல் 240 ஆக எண்ணப்பட்ட ஜாரவாக்கள் 2011-இல் 380 ஆயினர்.

தலையிடாமை வேறு, பாராமுகம் வேறு என்பதையும் இக்கொள்கை உணர்த்துகிறது. காட்டில் திருட்டு வேட்டையாடுவோரைத் தடுக்க வேண்டும். கடலில் காவல் இருக்க வேண்டும். அருகில் பணிபுரிவோர் நோயற்றிருக்க வேண்டும். விலகி நிற்பவருக்குத்தான் வேலை அதிகம்.

அக்காட்டின் ஊடே அந்தமான் நெடுஞ்சாலை செல்கிறது. அப்பகுதியில் சாலையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட்டது. வண்டிகள் இன்றும் அணிவகுத்துச் செல்கின்றன. அவ்வழியே சுற்றுலா செல்லும் அன்பர்கள் கவனிக்க: வண்டியை நிறுத்துவது, படம் எடுப்பது, உண்பதற்கு எதையேனும் கொடுப்பது யாவும் தடை செய்யப்பட்டவை. சன்னல் வழியே நீட்டப்படும் ஒரு வாழைப்பழம் கருணையாகவே தோன்றும். நீட்டுபவருக்கு அது ஒரு நொடி; வாங்கியவருக்குச் சாலையோரம் நிற்கும் பழக்கம்.

வடக்கு சென்டினலில் 2018-இல், தம் சமயத்தைப் போதிக்க இறங்கிய அமெரிக்க இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 2025 மார்ச்சில் மற்றொரு அமெரிக்கர் கரையேறி ஒரு தேங்காயும் ஒரு குளிர்பான டப்பாவும் வைத்துவிட்டுத் திரும்பிக் கைதானார். முன்னவருக்கு மறுமை பற்றிய அக்கறை, பின்னவருக்கு வெறும் ஆவல். தீவினர் இருவரையுமே அழைக்கவில்லை.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தீவுகளைத் தாக்கியபோது, அம்மக்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றறியக் கடலோரக் காவல்படை ஒரு ஹெலிகாப்டரை அனுப்பிற்று. மணற்கரைக்கு ஓடிவந்த ஒருவர் அதன்மேல் வில்லை வளைத்துக் குறிபார்த்தார். உள்ளே இருந்தவர்கள் அதை நலச் செய்தியாகவே ஏற்று, இறங்காமல் திரும்பிச் சென்றனர்.