பொருளியற் கல்வியின் முதலாண்டு

மக்கள் வாழ்க்கைக்குப் பொருள் இன்றியமையாதது என்பதை மறுப்பார் ஒருவரும் இலர். திருவள்ளுவர் தம் நூலில் பொருட்பாலுக்கு 70 அதிகாரங்களை வகுத்துள்ளார். அப்பாலில் பொருள் ஈட்டுதல் மட்டுமன்றி அரசும், அமைச்சும், உழவும், நட்பும் ஒருங்கே பேசப்படுகின்றன. பொருள் என்பது பணப்பெட்டியுள் அடங்கிவிடுவதன்று என்பது இதனாற் புலனாகும். இக்காலப் பல்கலைக்கழகங்களிற் பயிற்றப்படும் பொருளியலும் நிதியியலும் இத்தகைய பரந்த கல்வியே ஆம்.

பள்ளிப் படிப்பை முடித்து இத்துறையிற் புகும் மாணவருள் சிலர், செல்வம் திரட்டும் வழியை ஆங்குக் கற்பிப்பர் என்று எண்ணுவர். வேறு சிலர், நாளிதழில் வரவு செலவுத் திட்டச் செய்திகளைப் படித்து வருவதே போதும் என்று கருதுவர். இருதிறத்தாரும் முதல் இரண்டு திங்களுக்குள் திகைப்படைதல் உண்டு. கரும்பலகையில் வளைகோடுகளும் சமன்பாடுகளும் தோன்றக் கண்டு, தகாத துறையைத் தேர்ந்தோமோ என்று கலங்கிக் கல்லூரியை விட்டு நீங்குவாரும் உளர். நகையை அடகு வைத்தும் கடன் பெற்றும் மக்களைப் படிக்க அனுப்பும் பெற்றோர் பலர் வாழும் நாட்டில் இஃது எளிய இழப்பன்று. ஆதலின், முதலாண்டில் எதிர்ப்படுவன யாவை என்பதை முன்னரே அறிந்து கோடல் நன்று.

முதற்கண் கற்பிக்கப்படுவது தெரிவு பற்றிய கருத்தாகும். மக்களின் விருப்பங்கள் பல. அவற்றை நிறைவேற்றும் கருவிகளோ சில. ஒன்றைக் கொள்ளின் மற்றொன்றை விடுதல் வேண்டும். அவ்வாறு விடப்பட்டவற்றுட் சிறந்ததன் மதிப்பே கொண்டதன் உண்மைச் செலவு. இதனை வாய்ப்புச் செலவு என்பர். ஒரு மாணவர் கல்லூரிக்கு ஆண்டுதோறும் 30,000 ரூபாய் கட்டணம் செலுத்துகிறார் என்று கொள்வோம். அவர் படியாது வேலைக்குச் சென்றிருப்பின் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் ஈட்டியிருப்பார் எனின், ஓராண்டுக் கல்வியின் உண்மைச் செலவு 1,50,000 ரூபாயாகும். இக்கணக்கை உணர்ந்தவர் வகுப்பு நேரத்தை வீணே கழிக்க ஒருப்படார்.

அடுத்து வருவது நுண்பொருளியல். வாங்குவோரின் தேவையும் விற்போரின் அளிப்பும் கூடி விலையை உறுதி செய்யும் முறையை இது விளக்கும். 1890-ஆம் ஆண்டில் தம் பெருநூலை வெளியிட்ட ஆல்பிரடு மார்ஷல் என்னும் ஆங்கிலப் பேரறிஞர், இவ்விரண்டையும் கத்தரிக்கோலின் இரு அலகுகளுக்கு ஒப்பிட்டார். விலை மாறுங்கால் தேவை எவ்வளவு மாறும் என்பதை அளக்கும் நெகிழ்ச்சி என்னும் கருத்தும் இப்பகுதியில் பயிலப்படும். ஒரு சிற்றூரார் 100 பெட்டி தக்காளியைப் பெட்டி 300 ரூபாயாக விற்று 30,000 ரூபாய் பெற்றனர் எனக் கொள்க. மறு ஆண்டு மழை நன்கு பெய்து, எங்கும் விளைச்சல் பெருகி, அவர்கட்கு 150 பெட்டி கிடைத்தது. விலையோ 150 ரூபாயாக இறங்கிற்று. இப்போது அவர்கள் பெறுவது 22,500 ரூபாயே. விளைச்சல் மிக்கும் வருவாய் குறைந்தது. விலை பாதியாயிற்று என்பதற்காக மக்கள் இருமடங்கு தக்காளி உண்ணார், அதுவே காரணம். விலை மேலும் சரிந்து, பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் போதாதாயின், பழுத்ததைச் செடியிலேயே விட்டுவிடுவர். தந்தையார் அவ்வாறு விட்டதைக் கண்டு வளர்ந்த மாணவர்க்கு இப்பாடம் புதிதன்று; அதன் காரணம் மட்டுமே புதிது.

இந்நூல்களில், 'பிற யாவும் மாறாதிருப்பின்' என்னும் தொடர் அடிக்கடி வரும். உலகில் பிற யாவும் மாறாதிருப்பதுண்டோ என்று மாணவர் நகைப்பர். உழவர் ஒருவர் புதிய உரத்தின் பயனை அறிய விரும்பின் யாது செய்வார்? ஒரே மண்ணில் இரு பாத்தி கட்டி, ஒரே விதையை இட்டு, ஒரே அளவு நீர் பாய்ச்சி, ஒன்றற்கு மட்டும் உரமிட்டுப் பார்ப்பார். மக்கட் சமுதாயத்தை அவ்வாறு பாத்தி கட்டிப் பார்த்தல் பெரும்பாலும் இயலாது. ஆகவே பொருளியலார் பிற காரணங்களைக் கருத்தளவில் நிறுத்திவைத்து, ஒன்றன் விளைவை மட்டும் காண முயல்கின்றனர். நிறுத்திவைத்தவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் காண்டல் மேலாண்டுகளின் பணியாகும்.

பேரியல் பொருளியல் நாடு முழுவதையும் ஒருசேர நோக்கும். நாட்டு வருமானம், வேலையின்மை, பணவீக்கம் ஆகியன அதன் பொருள்கள். 1929-இல் தொடங்கிய பெருமந்தத்தின்போது, 1933-இல் அமெரிக்க நாட்டுத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். இத்தகைய துன்பத்தின் காரணத்தை ஆராய்ந்து ஜான் மேனார்டு கெயின்ஸ் 1936-இல் எழுதிய நூல் இப்பகுதிக்கு அடிப்படையாயிற்று. ஒருவர் செலவைச் சுருக்கிச் சேமித்தல் நற்பண்பே, ஆயின் மந்தக் காலத்தில் அனைவரும் ஒருங்கே செலவைச் சுருக்கின், கடைகளில் விற்பனை குன்றும், ஆலைகள் மூடப்படும், சேமித்தற்குரிய வருவாயும் அற்றுப்போகும். தனியார்க்குப் பொருந்துவது நாட்டுக்கும் பொருந்தும் என்று துணிதல் கூடாது என்பதை மாணவர் ஈண்டு உணர்வர்.

கணிதமும் புள்ளியியலும் பலரை அச்சுறுத்துவன. மார்ஷல் தம் நூலில் கணிதத்தை அடிக்குறிப்புகளிலும் பிற்சேர்க்கையிலும் ஒதுக்கிவைத்தார். இக்காலத்திலோ அது முதலாண்டிலேயே முன்வந்து நிற்கிறது. எனினும் அதன் பயன் வெளிப்படை. ஓரிடத்தில் ஒன்பதின்மர் திங்களுக்கு 10,000 ரூபாயும், ஒருவர் 2,10,000 ரூபாயும் பெறுவராயின், அவர்தம் சராசரி வருமானம் 30,000 ரூபாய். அத்தொகையைப் பெறுபவர் அவருள் ஒருவரும் இலர். வரிசையின் நடுவில் நிற்பதைக் காட்டும் இடைநிலை அளவோ 10,000 ரூபாய் எனும். இவ்வேறுபாட்டை அறியாதவரை எண்களைக் கொண்டு எளிதில் ஏமாற்றிவிடலாம். நாள்தோறும் இரண்டு கணக்குகளைத் தாமே செய்து பழகுவார்க்கு அச்சம் படிப்படியாக நீங்கும்.

நிதியியல் பயில்வார் கணக்குப் பதிவியலும் கற்பர். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என ஈரிடத்துப் பதியும் இரட்டைப் பதிவு முறையை, வெனிசு நகர வணிகர் கையாண்டவாறே விளக்கி, லூக்கா பசியோலி என்னும் துறவி 1494-இல் அச்சிட்டு வெளியிட்டார். காலத்துக்கேற்பப் பணத்தின் மதிப்பு மாறுதலும் நிதியியலின் தலையாய பாடமாகும். ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வட்டி கிடைக்குமாயின், அடுத்த ஆண்டு வரும் 107 ரூபாய் இன்றைய 100 ரூபாய்க்கே ஈடாகும். ஊர்களில் 'மூன்று வட்டி' என்று கேட்பார்க்கு அது சிறிதாகத் தோன்றும். அது திங்கள் வட்டி. ஆண்டுக்கு நூற்றுக்கு 36 ஆகும். கட்டாத வட்டி திங்கள்தோறும் முதலோடு சேருமாயின், 1,000 ரூபாய்க் கடன் ஓராண்டில் ஏறத்தாழ 1,426 ரூபாயாக வளரும். இக்கணக்கு ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காக்கவும் வல்லது.

பயிலும் முறையும் பள்ளியினின்று வேறுபட்டது. பெரிய மண்டபத்தில் பேராசிரியர் விரிவுரையாற்றிச் செல்வார். படித்தாயா என்று நாள்தோறும் வினவார். ஐயங்களைப் பயிற்சி வகுப்பில் மாணவரே எழுப்புதல் வேண்டும். தமிழ்வழிக் கற்றவர்க்கு ஆங்கில நூல்கள் முதலில் இடர்ப்பாடு தரும். ஒவ்வொரு கருத்தையும் தம் தாய்மொழியில் இரண்டு வரியில் எழுதிப் பார்த்தல் அதற்கு நல்ல மருந்து. தாய்மொழியில் தெளிவாகச் சொல்ல இயலாததை அவர் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை என்பதே பொருள்.

சிற்றூரிலிருந்து வந்தமை இக்கல்விக்குக் குறையாகாது. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியற் பேராசிரியராக அமர்ந்த கில்பர்ட் சிலேட்டர், விடுமுறையில் ஊர் செல்லும் மாணவரிடம் ஒரு வினாநிரலைத் தந்து, நிலம், பயிர், கூலி, கடன் ஆகியவற்றைக் கேட்டறிந்து எழுதி வருமாறு பணித்தார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றி அவ்வாறு எழுதப்பட்டவை 1918-இல் நூலாக வெளிவந்தன. அவ்வூர்களுட் சிலவற்றைப் பின்வந்த அறிஞர் பன்முறை மீண்டும் ஆராய்ந்துள்ளனர். மாணவர் தம் ஊர்த் தெருக்களில் நடந்து, உழவரையும் கூலியாட்களையும் வினவித் தொகுத்த செய்திகள், நூறாண்டு கடந்தும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகின்றன.

ஆதலின், இத்துறையிற் புகுவோர் கணக்குக்கு அஞ்சாது, கருதுகோளை இகழாது, கண்முன் காணும் சந்தையையும் வயலையும் மறவாது கற்றல் வேண்டும். வளைகோட்டின் பின்னே விலைக்காகக் காத்திருக்கும் உழவரும், சராசரியின் பின்னே கூலி பெறும் ஏழையரும் நிற்கின்றனர் என்பதை முதலாண்டிலேயே உணர்ந்தவர், பின்னர் எந்த அலுவலில் அமரினும் நாட்டுக்கு உறுதுணையாவர்.