ஒரு கிலோ ஏலக்காய், மூணு வகுப்பு

2020இல் பள்ளிகள் மூடியபோது பேரப்பிள்ளைகள் மூவரும் பொட்டிபுரம் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். வயது 6, 9, 13. மூணு பேருக்கும் தனித்தனிப் பாடம் என்றால் எனக்கு முழி பிதுங்கிவிடும். அதனால் எல்லாருக்கும் ஒரே பொருள்: மலையிலிருந்து வாங்கிவந்த ஒரு கிலோ பச்சை ஏலக்காய்.

சின்னவன் காயை உரித்து விதை எண்ணினான். நடுவுள்ளவள் தினமும் தராசில் நிறுத்து எழுதினாள். காய்ந்து முடிந்தபோது கால் கிலோகூடத் தேறவில்லை. வெயிலில் காயப்போட்டதால் பச்சை நிறமும் வெளுத்துப் போனது. எஸ்டேட் ஸ்டோரில் ஏன் சூடு போட்டு உலர்த்துகிறார்கள் என்று அப்போதுதான் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

இதில் நான் ஒரு தப்பு செய்தேன். மூத்தவளைத் தம்பி தங்கைக்கு வாத்தியாராக்கிவிட்டேன். பத்து நாள் கழித்து, “எனக்கு என்ன பாடம் தாத்தா?” என்றாள். சுருக்கென்றது. அன்றே அவளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன்: காயெடுப்புக் கூலி, விறகு, கமிஷன், உலர்ந்த எடை. போடி ஏலத்தில் கிலோ என்ன விலைக்குப் போனால் கட்டுபடியாகும்? பாங்கில் கடன் மனுக்களுக்கு நான் போட்ட கணக்கு அது. இரண்டே நாளில் போட்டுவிட்டாள்.

நம் அரசுப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலிலும் ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை பிள்ளைகள் கலந்து உட்கார்ந்து, அவரவர் அட்டையை எடுத்துப் படித்தார்கள். வீட்டில் செய்கிறவர்கள் மூத்த பிள்ளைக்கான அட்டையை முதலில் எழுதிவிடுங்கள். சின்னதுகளுக்குக் காயும் தராசும் போதும்.