விளையாட்டு மூலை வேண்டாம், கண்ணம்மா

அன்புள்ள பேத்திக்கு,

ஸ்ரீரங்கம் கோயிலுக்குக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு வசதி செய்யும் வேலை உன் கைக்கு வந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம். நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். அதில் சறுக்குமரமும் பிளாஸ்டிக் யானையுமாக ஒரு விளையாட்டு மூலை இருக்கிறது. அதை எடுத்துவிடு, கண்ணம்மா.

ஓடியாட மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-இல் திறந்தார்கள், 25 ஏக்கர். கோயிலுக்கு வரும் பிள்ளை கோயிலைப் பார்க்கட்டும். சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைகளைக் கண்டால் எந்தப் பிள்ளையும் தானாக நின்றுவிடும். ஆயிரங்கால் மண்டபத்தில் கல்தூண்கள் 953தான், மீதிக்கு வைகுண்ட ஏகாதசி சமயம் மரக்கால் நடுவார்கள் என்று சொல்லிப் பார். நாலாம் வகுப்புப் பிள்ளை உடனே விரல்விட்டுக் கழிக்க ஆரம்பிக்கும். கருடாழ்வாரை அண்ணாந்து பார்த்துவிட்டு, அவர் எழுந்து நின்றால் கூரை இடிக்காதா என்று கேட்கும். அதன் கண்ணுக்கு நாம் புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம். காலுக்கும் வயிற்றுக்கும்தான் சேர்க்க வேண்டும்.

காலிலிருந்து தொடங்கு. சித்திரை வெயிலில் கல்தரையைப் பெரியவர்கள் எட்டி நடந்து கடந்துவிடுவோம். மூன்று வயதுப் பிள்ளையால் முடியாது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். தேங்காய்நார் விரிப்பும் வெள்ளைப் பூச்சும் பெருமாள் சன்னதிப் பாதையோடு நின்றுவிடக் கூடாது. தாயார் சன்னதி, சக்கரத்தாழ்வார் சன்னதி, கழிவறை வரைக்கும் இடையில் அறுபடாமல் போக வேண்டும். 156 ஏக்கர் கோயில் இது. "அம்மா, ஒண்ணுக்கு" என்று பிள்ளை சொன்னால் அதற்குமேல் அது எவ்வளவு நேரம் தாங்கும்? வரிசையை விட்டுப் போனால் மறுபடி கடைசியில் நிற்க வேண்டுமே என்று பயந்து, அடக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் பாவம். போய்த் திரும்பி அதே இடத்தில் நிற்க ஒரு சீட்டு கொடுக்கச் சொல். திருமலையில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு வரும் பெற்றோரைச் சுபதம் என்ற வாசல் வழியாக விடுகிறார்கள். அந்த வழக்கத்தை இங்கும் கேட்டு வாங்கு. பாலூட்டும் அறையை வண்டி நிறுத்துமிடத்தில் வைக்காதே. குழந்தைக்குப் பசி எடுப்பது வரிசையில் நிற்கும்போதுதான்.

கூட்ட நாளில் பிள்ளை தொலைவதுதான் பெரிய பயம். காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசார் பிள்ளைகளின் மணிக்கட்டில் போன் எண் எழுதிய பட்டை கட்டுகிறார்களே, அதையே ஏகாதசிக்கு ராஜகோபுர வாசலில் கட்டலாம்.

சாய்தளம் போடுவதானால் மரத்தில் போடு, வேண்டும்போது எடுத்துவிடும்படி. கல்லில் உளி படக் கூடாது. இந்தக் கோயிலைப் புதுப்பித்த பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பழையதைப் பழையபடி மீட்டதற்காகக் கிடைத்த மரியாதை அது.

மலைக்கோட்டை உன் பொறுப்பில் இல்லைதான். ஆனாலும் சொல்கிறேன், இங்கே வரும் குடும்பம் அங்கேயும் போகும். 400-க்கு மேல் படி. நடுவழியில் அழாத பிள்ளை குறைவு. பாதி ஏறினால் தாயுமானவர் சன்னதி. மகளுக்குப் பிரசவம் பார்க்க வர முடியாத தாயின் உருவில் வந்த சாமி அவர்; சுகப்பிரசவம் ஆனவர்கள் இன்றும் வாழைத்தார் கொண்டுவந்து படைக்கிறார்கள். அங்கே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளை மீதிப் படியையும் ஏறிவிடும். உச்சியில் இன்னொரு கதை காத்திருக்கிறது. விபீஷணன் கொண்டுபோன ரங்கநாதரைக் காவிரிக் கரையில் இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்த சிறுவன்தான் உச்சிப் பிள்ளையார். துரத்திவந்த விபீஷணன் அவர் தலையில் குட்டினானாம். அங்கிருந்து பார்த்தால் 236 அடி ராஜகோபுரம் தெரியும். பிள்ளையார் ஓடிவந்த வழியைக் கைகாட்டியே சொல்லலாம். இரண்டு இடத்துக்கும் சேர்த்து இந்தக் கதையைப் படமாக வரைந்து, மூன்றடி உயரத்தில் ஒரு பலகை வைக்கச் சொல். பெரியவர்கள் குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த வரைபடத்தில் ரங்கவிலாச மண்டபத்திலிருந்து கழிவறைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் எத்தனை அடி தூரம் என்று குறித்து அனுப்பு. அதை முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
தாத்தா